பாத்திரம் ஒட்டியவரும் தமிழ்ப் பண்டிதரும்



சென்ற மாதம் நமது வானொலியில் நான் நிகழ்த்திய உரையை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். அன்று நேரம் போதாமல் விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் இலக்கியம் படித்தவன் அல்லன். வர்த்தகத்தில் பட்டம் பெற்று, முப்பது வருடமாக மற்றவர்களின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆகவே இதில் கணக்கு வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இந்த உரையே நான் பிழையாகப் போட்ட ஒரு கணக்கைப் பற்றியதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிகழ்ச்சி முடித்து நான் வெளியே வந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். ஊரில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர். எல்லோருக்கும் அவர் ‘ரீச்சர்’தான். கையில் ஒரு பை. அதற்குள் நாலு சீ.ஆர். கொப்பிகள். தன் தாயாரைப் பற்றியும், அவருடைய ஜெப வாழ்க்கையைப் பற்றியும், 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது தாயாரோடு நடந்த நடையைப் பற்றியும் எழுதியிருந்தார்.

“தம்பி, இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ. புத்தகமாப் போடலாமோ?”

நான் கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குத்தான் போட்டேன். அச்சுக்கூலி, அட்டை, மண்டப வாடகை, வெளியீட்டு விழாவுக்குச் சிற்றுண்டி எல்லாவற்றையும் கூட்டி, “ரீச்சர், 300 பிரதி அடிச்சா 50 போகும். மிச்சம் 250உம் உங்கட கட்டிலுக்குக் கீழைதான் கிடக்கும். இப்போதைக்கு வைச்சிருங்கோ, பிறகு பாப்பம்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. “நீங்கள் கணக்குத் தெரிஞ்ச ஆள், தம்பி” என்று சொல்லிக் கொப்பிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். நான் அதை மறந்தே போனேன்.

சென்ற குளிர்காலத்தில் வேலை நிமித்தம் பெட்போர்ட் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. லண்டனுக்கு வடக்கே ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான தூரம். வேலை முன்னதாக முடிந்துவிட்டது. ரயிலுக்கு நேரம் இருந்தபடியால் நடந்தேன். ஒரு சந்தியில் பெரிய வெண்கலச் சிலை. கையில் புத்தகம், காலடியில் உடைந்த விலங்கு. 1874 இல் நிறுவியது. யார் என்று பார்த்தால், ஜோன் பனியன்.

பெயரைக் கேட்டவுடன் எங்கள் ஆட்களுக்கு உள்ளே போடுகிற பெனியன்தான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவு வந்தது ஒரு பரிசுப் புத்தகம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் படித்தது மிசன் பாடசாலையில். எட்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த பரிசு ‘மோட்சப் பிரயாணம்’ என்ற கதையின் சுருக்கம். முதுகில் பாரத்தைச் சுமந்துகொண்டு ஒருவன் மோட்ச நகரத்தைத் தேடிப் போகும் கதை. அதை எழுதியவரின் ஊருக்குள்தான் நிற்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் உண்டு. அங்கே வாங்கிய புத்தகம் ஒன்றை ரயிலில் வாசிக்கத் தொடங்கியவன், வீட்டுக்கு வந்தும் வைக்கவில்லை.

அந்த மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

இரண்டு புத்தகச் சீதனம்

ஜோன் பனியன் பிறந்தது 1628 இல், பெட்போர்டுக்குப் பக்கத்தில் எல்ஸ்ரோ என்ற கிராமத்தில். தகப்பனாருக்குத் தொழில் ஓட்டைப் பாத்திரங்களை ஒட்டிக் கொடுப்பது. மகனும் அதையே பழகினார். எழுத வாசிக்கக் கற்றார் என்பதைத் தவிரப் பெரிய படிப்பு எதுவும் இல்லை. பதினாறு வயதில், மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் சேர்ந்தார். திரும்பி வந்து இருபது, இருபத்தொரு வயதளவில் கல்யாணம் செய்தார். அந்தப் பெண்ணின் பெயர்கூட வரலாற்றில் இல்லை. வீட்டில் ஒரு கோப்பையோ கரண்டியோ கூட இல்லாத ஏழ்மை என்று பனியனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவள் கொண்டுவந்த சீதனம், தகப்பன் விட்டுப்போன இரண்டு பக்திப் புத்தகங்கள். ஒன்று, எளிய மனிதன் மோட்சத்துக்குப் போகும் வழி பற்றியது. மற்றது பக்தியை அன்றாடம் கடைப்பிடிப்பது பற்றியது.

சீதனக் கணக்கில் நாங்கள் எதையெல்லாம் எழுதுவோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு புத்தகங்களுக்கு எந்த மதிப்பீட்டாளரும் பெரிய பெறுமதி போட்டிருக்க மாட்டார். ஆனால் மாலையில் இருவரும் சேர்ந்து வாசித்த அந்த இரண்டிலும்தான் எல்லாம் தொடங்கியது.

இரண்டாவது தூண்டுதல் இன்னும் எளியது. ஒருநாள் வேலையாக பெட்போர்ட் தெருவொன்றில் போய்க்கொண்டிருந்தபோது, மூன்று நாலு ஏழைப் பெண்கள் வாசலில் வெயிலில் குந்தியிருந்து கடவுளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பனியன் நின்று கேட்டார். தானும் சமயம் பேசத் தெரிந்தவன் என்று நினைத்திருந்தவருக்கு, அவர்கள் பேச்சு விளங்கவே இல்லை. தங்கள் உள்ளத்தில் நடந்ததை, மனப்பாடமாக அல்ல, அனுபவமாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சைத் தேடியே அவர் அவர்களுடைய சபையில் போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவருடைய எழுத்து ஏன் மேடைப் பேச்சுப் போல இல்லாமல் வாசற்படிப் பேச்சுப் போல இருக்கிறது என்று கேட்டால், அந்த வாசலைத்தான் நான் காட்டுவேன்.

சபையார் அவரைப் பேச வைத்தார்கள். முதலில் சிறு கூட்டங்களில், பிறகு ஊர் ஊராக. 1656 இல் அவருடைய முதல் புத்தகம் வந்தது. அதற்குப் பெட்போர்ட் சபையின் போதகர் ஜோன் பேர்ட்டன் முன்னுரை எழுதினார். பாத்திரம் ஒட்டுகிறவனுக்கு வேத விடயம் எழுத என்ன தகுதி என்று கற்றவர்கள் கேட்பார்கள் என்பது பேர்ட்டனுக்குத் தெரியும். இவர் உலகத்துப் பல்கலைக்கழகத்தில் தெரிந்தெடுக்கப்பட்டவர் அல்ல, பரலோகப் பல்கலைக்கழகத்தில் தெரிந்தெடுக்கப்பட்டவர் என்ற கருத்தில் அவர் துணிந்து எழுதினார். புதிய எழுத்தாளருக்கு ஒரு முன்னுரை எவ்வளவு பெரிய காரியம் என்பதை, எங்கள் சமூகத்தில் புத்தகம் போட்ட எவரும் அறிவார்.

பன்னிரண்டு வருடச் சிறை

1660 இல் மன்னராட்சி திரும்பி வந்தது. அரச திருச்சபையின் அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டிப் பிரசங்கிப்பது குற்றமாக நடத்தப்பட்டது. அந்த வருடம் நவம்பர் 12 இல் பனியன் ஒரு கிராமத்தில் பிரசங்கிக்கப் போன இடத்தில் கைதானார். முதலில் கொடுத்த தண்டனை மூன்று மாதம். இனிமேல் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு வருடம் ஆனது.

வெளியே இருந்த குடும்பத்தையும் பார்க்க வேண்டும். முதல் மனைவி 1658 இல் இறந்துவிட்டார். நாலு பிள்ளைகள். மூத்தவள் மேரிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இரண்டாவதாக மணம் முடித்த எலிசபெத், கணவன் கைதான அதிர்ச்சியில் குறைமாதத்தில் பெற்ற குழந்தையை இழந்தார். அதன் பிறகும் 1661 ஓகஸ்டில் பெட்போர்டில் நீதிபதிகள் தங்கியிருந்த விடுதி மண்டபத்துக்குள் தனியே போய் நின்று கணவனுக்காக வாதாடினார். ஒரு நீதிபதி ஏளனம் செய்தார். மற்றவர், பெயர்பெற்ற சட்ட அறிஞர் மத்தேயு ஹேல், இரக்கப்பட்டு, அவளுக்கு இருக்கிற சட்ட வழிகளைச் சொல்லி, எது செலவு குறைந்தது என்றும் சொல்லி அனுப்பினார். ஆனால் விடுதலை கிடைக்கவில்லை.

சிறைக்குள் பனியன் சப்பாத்து நாடா போன்ற கயிறுகளுக்கு நுனியில் உலோகக் குப்பி பொருத்தி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். பல நூறு குரோஸ் செய்தார் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு குரோஸ் என்பது 144. நூறு குரோஸ் என்று வைத்தாலே 14,400 நாடாக்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி. அந்தக் கைகள்தான் ஓய்ந்த நேரத்தில் பேனை பிடித்தன. அவரிடம் இருந்த புத்தகங்களில் முக்கியமானவை இரண்டு: வேதாகமமும், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் வரலாறும். 1666 இல், சிறையில் இருந்தபடியே, தன் ஆன்மிக வரலாற்றை நூலாக வெளியிட்டார். கண் தெரியாத மகளைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல இருந்தது என்று அதில் எழுதியிருக்கிறார்.

1672 இல் விடுதலை. நாலு வருடம் கழித்து மறுபடி ஆறு மாதமளவில் சிறை. இந்தச் சிறை வாசங்களுக்கிடையே உருவானதுதான் ‘மோட்சப் பிரயாணம்’.

போடு என்றவர்களும் போடாதே என்றவர்களும்

அந்த நூலின் தொடக்கத்தில் பனியன் செய்யுளில் ஒரு முன்னுரை எழுதியிருக்கிறார். எழுத ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும். அவர் சொல்வதன் சாரம் இது. வேறொரு நூல் எழுதிக்கொண்டிருந்தேன். இடையில் இந்தக் கதை தானாக வந்து புகுந்தது. இருபது எண்ணங்களைக் குறித்தால் இன்னும் இருபது முளைத்தன, எரிகிற கரியிலிருந்து பொறி பறப்பது போல. பாத்திரம் ஒட்டுகிறவருக்கு உலையும் பொறியும்தானே உவமை! உலகத்துக்குக் காட்ட எழுதவில்லை, என் மனத்துக்காக எழுதினேன் என்கிறார்.

எழுதி முடித்ததும் தெரிந்தவர்களிடம் காட்டினார். சிலர் அச்சிடு என்றார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். சிலர் நன்மை செய்யும் என்றார்கள், சிலர் செய்யாது என்றார்கள். வேண்டாம் என்றவர்களின் நியாயம் இலேசானது அல்ல. பரிசுத்தமான விடயத்தைக் கட்டுக்கதையாக எழுதலாமா, உருவகம் உண்மையை மறைத்துவிடாதா என்பது அவர்கள் கேள்வி. பனியனின் பதில்: வேதாகமமே உவமைகளாலும் உருவகங்களாலும் நிறைந்திருக்கிறது. இயேசுநாதரே விதைக்கிறவனையும் காணாமற்போன ஆட்டையும் சொல்லித்தானே போதித்தார்? ஆகவே, நீங்களே இரு பக்கமாகப் பிரிந்து நிற்கிறபடியால் நான் அச்சிட்டே பார்க்கிறேன் என்று முடிவெடுத்தார்.

1678 இல் லண்டனில் நதானியேல் பொண்டர் என்பவர் வெளியிட்டார். விலை ஒரு சிலிங் ஆறு பென்ஸ். கூலிக்காரர் ஒருவரின் ஒருநாள் உழைப்பிலும் கூடுதலான விலை. ஆனாலும் அதே வருடத்திலேயே இரண்டாம் பதிப்பு வந்தது. பத்து வருடம் கழித்துப் பனியன் இறக்கும்போது பதினொரு பதிப்புகள் வெளிவந்திருந்தன. பின்னர் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. வாசித்து முடிந்துவிட்டதே என்று வருந்த வைக்கும் நூல்கள் என அகராதி எழுதிய சாமுவேல் ஜோன்சன் சொன்ன மூன்றில் இதுவும் ஒன்று.

இரண்டாம் பதிப்பில் பனியன் ஒரு புதிய பாத்திரத்தைச் சேர்த்தார். அதை வாசித்தபோது ரயிலில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பாத்திரத்தின் பெயரை ‘உலக ஞானி’ என்று தமிழில் சொல்லலாம். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. பாரத்தோடு போகிற பயணியை மறித்து, ஏன் இந்தக் கஷ்டமான வழி, அதோ அந்த ஊருக்குப் போ என்கிறார். அங்கே வீடுகள் காலியாக இருக்கின்றன, வாடகை நியாயம், சாப்பாட்டுச் சாமான் மலிவு, அயலவர்கள் மரியாதையானவர்கள் என்று விலை விபரத்தோடு சொல்கிறார். ஒன்றும் பொய் இல்லை. கணக்கு சரி. ஆனால் அந்த ஆலோசனையைக் கேட்டுத்தான் பயணி வழி தவறுகிறான்.

கடித உறையின் பின்பக்கத்தில் கூட்டல் போட்டவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திருநெல்வேலிக்கு வந்த பயணி

இனித் தமிழுக்கு வருவோம். பனியன் இறந்து ஏறத்தாழ 140 வருடம் கழித்து, 1827 இல், திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில் ஒரு வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணபிள்ளை. தகப்பனார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். பிள்ளைக்கும் சிறு வயதிலேயே கம்பன் பாட்டு காதில் விழுந்தது. பனியனுக்கும் இவருக்கும் எதிலும் பொருத்தம் இல்லை. அவர் படிக்காதவர், இவர் பண்டிதர். அவர் வாசற்படி வசனம், இவர் விருத்தம்.

1853 இல் சாயர்புரத்தில் இருந்த மிசன் கல்விக்கூடத்துக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டது. கால்டுவெல் ஐயர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல், கிருஷ்ணபிள்ளையைத் தெரிந்தெடுத்தார். அப்போது இவர் கிறிஸ்தவர் அல்லர். தமிழ் தெரிந்தவர் என்பதற்காகவே வேலை கிடைத்தது. அங்கே பழகிய கிறிஸ்தவ நண்பர் ஒருவர் வாசிக்கக் கொடுத்த புத்தகங்களில் பனியனின் பயணக் கதையும் ஒன்று என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கவனியுங்கள், இங்கேயும் கைமாறிய ஒரு புத்தகம்தான். 1858 இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி அல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார். அக்காலத்தில் ஒரு வைணவக் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய முடிவு என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அவர் மதம் மாறினார், தமிழை மாற்றவில்லை. ஆழ்வார் பாசுரத்தின் உருக்கமும் கம்பனின் நடையும் அவருக்குள் அப்படியே இருந்தன. ஆங்கிலேயப் பாத்திரக்காரர் வசனத்தில் எழுதிய கதையைக் காவியமாகப் பாடினால் என்ன என்ற எண்ணம் வந்தது. அந்தக் கதை வசனமாகத் தமிழில் ஏற்கெனவே இருந்தது. மொழிபெயர்ப்பு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அவர் காலத்து உலக ஞானிகள் கேட்டிருக்கலாம். அவர் மொழிபெயர்க்கவில்லை. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்று ஐந்து பருவமாகத் தமிழ்க் காவிய அமைப்பில் புதிதாகவே கட்டினார். பனியனில் இல்லாதபடி இயேசுநாதரின் பாடுகளையும் மரணத்தையும் விரிவாகப் பாடினார். இடையிடையே ‘தேவாரம்’ என்ற பெயரிலேயே இசைப்பாடல்களை வைத்தார். சைவனாகிய எனக்கு, அந்தச் சொல்லைக் கிறிஸ்தவக் காவியத்துக்குள் கண்டபோது ஏற்பட்ட உணர்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வீட்டில் எங்கள் வீட்டு விளக்கைப் பார்த்தது போல இருந்தது.

அதுதான் ‘இரட்சணிய யாத்திரிகம்’. மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். இது எப்படி எழுதி முடிந்தது என்பதுதான் இன்றைய பேச்சுக்கு முக்கியம். ஒரேயடியாக எழுதிக்கொண்டுபோய் அச்சகத்தில் கொடுக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ‘நற்போதகம்’ என்ற கிறிஸ்தவ மாத இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் பகுதி பகுதியாக, பத்து வருடத்துக்கும் மேலாக வெளிவந்தது. முழுக் காவியம் நூலாக வந்தது 1894 இல். அப்போது கிருஷ்ணபிள்ளைக்கு வயது 67.

நானும் மாத அறிக்கை எழுதிப் பழகியவன். அடுத்த மாதமும் ஒரு பக்கம் காத்திருக்கிறது என்றால் மனிதன் எழுதுவான். ஒருவரும் கேட்கவில்லை என்றால், எவ்வளவு பெரிய பண்டிதரும் நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் இருப்பார். அந்த இதழ்க்காரர்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்களோ தெரியாது. ஆனால் மாதம்தோறும் இடம் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய ஊக்குவிப்பு இல்லை. 1899 இல், இறப்பதற்கு முந்திய வருடம், ‘இரட்சணிய மனோகரம்’ என்ற பக்திப் பாடல் நூலையும் வெளியிட்டார். 1900 பெப்ரவரியில் காலமானார். கிறிஸ்தவக் கம்பர் என்று இன்றும் அவரைச் சொல்வார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் ‘இரட்சணியக் குறள்’ என்றும் ஒன்று எழுதியதாகச் சொல்கிறார்கள். அது இன்று நமக்குக் கிடைக்கவில்லை. இதழில் வந்தது நின்றது, வராதது போயிற்று.

நெஞ்சுக்குள் இருந்த திறப்பு

பனியனின் கதையில் ஒரு கட்டம் உண்டு. பயணியும் அவன் தோழனும் வழி தவறிப்போய் ‘அவநம்பிக்கை’ என்ற அரக்கனின் கோட்டையில் அகப்படுகிறார்கள். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை இருட்டறை, பட்டினி, அடி. உயிரோடு இருப்பதைவிடச் சாவது நல்லது என்று அரக்கன் ஆலோசனை வேறு சொல்கிறான். சனி நடுச்சாமத்தில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியப் போகும் நேரத்தில் பயணி திடுக்கிட்டுச் சொல்கிறான்: நான் எவ்வளவு முட்டாள்! என் நெஞ்சுக்குள்ளேயே ஒரு திறப்பு இருக்கிறதே! ‘வாக்குத்தத்தம்’ என்ற அந்தத் திறப்பால் கோட்டையின் கதவுகள் திறக்கின்றன. பன்னிரண்டு வருடம் பூட்டுச் சத்தம் கேட்ட மனிதர் எழுதியது இது என்று நினைத்து வாசித்தால் அதன் கனம் விளங்கும்.

கிறிஸ்தவ விசுவாசம் எழுதுகிறவர்களுக்கு என்ன கொடுத்தது என்று ஒரு நேயர் என்னைக் கேட்டார். நான் வேதபண்டிதன் இல்லை. வரலாற்றில் கண்டதைச் சொல்கிறேன். பாத்திரம் ஒட்டுகிறவனுக்கும் ஓர் ஆன்மா உண்டு, அந்த ஆன்மாவில் நடப்பது எழுதத் தகுந்த செய்தி என்று அது சொன்னது. கூடவே, பெரிய இடத்தில் இல்லாத சிலரையும் அனுப்பியது: இரண்டு புத்தகத்தோடு வந்த ஒரு மணப்பெண், வெயிலில் குந்தியிருந்த பெண்கள், முன்னுரை எழுதிய ஒரு போதகர், புத்தகம் இரவல் கொடுத்த ஒரு நண்பர், மாதம் சில பக்கம் ஒதுக்கிய ஓர் இதழ். இவர்களை எடுத்துவிட்டால் இரண்டு நூல்களும் இல்லை. எந்தச் சமயத்தவருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ரயில் பயணம் முடிந்த அடுத்த சனிக்கிழமை ரீச்சர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். “ரீச்சர், எழுதிறியளோ?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. நீங்கள் சொன்னதுக்குப் பிறகு பேனை எடுக்கேல்லை. இப்ப எடுக்க நினைச்சாலும் கண் விடுதில்லை.”

கண்ணில் அழுத்த நோயாம். தான் எழுதியதையே அவரால் இப்போது வாசிக்க முடியாது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மூன்று வருடத்தை நான் எந்தப் பேரேட்டில் எழுதுவது?

“கொப்பி இருக்கோ?”

“இருக்கு. நீங்கள் சொன்ன இடத்திலைதான், கட்டிலுக்குக் கீழை.”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதற் கொப்பியைத் திறந்து சத்தமாக வாசித்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரத்தை ஜெப நேரமாக வைத்திருந்த ஒரு தாய். தையல் மெசினின் மேல் வேதாகமத்தை வைத்து, காலால் மிதித்துக்கொண்டே சங்கீதம் வாசித்தவர். என்ன தமிழ் தெரியுமா! நான் அன்று திறந்து பார்க்காத தமிழ்.

அன்றிலிருந்து சனிக்கிழமை பின்னேரங்களில் போகிறேன். நான் வாசிக்க வாசிக்க அவர் திருத்துவார். நான் கணினியில் தட்டுவேன். நாலாவது கொப்பி பாதியில் நிற்கிறது. 1995 ஒக்ரோபர் 30, மழை, இரவு, நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நெரிபட்டு நிற்கும் தாய். அந்த வசனத்துக்கு முற்றுப்புள்ளிகூட இல்லை. சென்ற வாரம்தான் அந்த இடத்துக்கு வந்தோம்.

“ரீச்சர், அம்மா பாலம் கடந்தாவோ?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அதைச் சொல்லத்தானே தம்பி எழுதத் தொடங்கினனான்” என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். நான் தட்டத் தொடங்கினேன்.

அடுத்த மாதம் முதல் இந்த மடலின் கடைசி இரண்டு பக்கங்களில் ரீச்சரின் கொப்பிகள் தொடராக வரும். ஒலிபரப்பிலும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். அவருடைய நிபந்தனை ஒன்றுதான்: தன் பெயரை முடிகிற நாளில்தான் போட வேண்டுமாம்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கொப்பிகள் இருக்கலாம். உங்களுடையதாகவோ, உங்கள் அம்மாவுடையதாகவோ இருக்கலாம். நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த முறை முதலில் திறந்து வாசிப்பேன். கணக்கைப் பிறகு பார்ப்போம்.